மூன்றாவது மீட்டர்

ஏரிப் படகுக்கு மூன்றாவது பெட்ரோல் மீட்டரையும் மாட்டியாயிற்று. காலையில் பாதியில் நிற்கும் முள், படகு கரையிலேயே கட்டிக் கிடந்தாலும் சாயங்காலத்துக்குள் கால்வாசிக்கு இறங்கிவிடும். குச்சி விட்டுப் பார்த்தால் டேங்க் தளும்பும்.

மேற்பார்வையாளர் வெங்கடகிருஷ்ணன் குச்சியை மதிப்பதில்லை. ரிஜிஸ்டரில் முள் சொன்னதை மட்டுமே எழுதுவார். அதன்படி, ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து வரும் மெக்கானிக் ஏழுமலை ஒரு பெட்ரோல் திருடன்.

“குச்சியெல்லாம் மண்ணெண்ணெய்க் கடைக்குப்பா. இது ஜப்பான் மீட்டர், பொய் சொல்லாது. திங்கக்கிழமைலேர்ந்து நீ வர வேணாம்.”

“டேங்க் சாவி உங்க இடுப்புலதான சார் தொங்குது? நான் என்ன, மூச்சாலயா உறிஞ்சறேன்?”

ஆத்திரத்தில் ஏழுமலை படகில் ஏறி ஒயர்களைப் பிடுங்கி, மீட்டரைக் கழற்றி வந்து ரிஜிஸ்டர் மேல் வைத்தான்.

“இப்ப இதுக்கும் டேங்குக்கும் சம்பந்தமே இல்ல. பாத்து எழுதுங்க.”

ஒயர் போனதுமே விழுந்திருக்க வேண்டிய முள் பாதியிலேயே நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிதானமாகக் கால்வாசிக்கு இறங்கியது. பிறகு காலிக்கு.

வெங்கடகிருஷ்ணன் படகுக்குப் போனார். தன் சாவியால் டேங்க்கைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் குச்சியை விட்டார். காலையில் அவர் கண்ணெதிரே நிரப்பிய டேங்க் அது. குச்சி காய்ந்து வந்தது. அதில் பெட்ரோல் வாசனைகூட இல்லை.

அவர் அசரவில்லை. திரும்பி வந்து, ‘மீட்டர் சரியாக வேலை செய்கிறது’ என்று ரிஜிஸ்டரில் எழுதினார். பொருத்தியவர் என்ற இடத்தில் ஏழுமலையைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.