ஐம்பத்தோராவது படி

"எண்ணெய்த் தகரத்தை விளக்குக்காரர் இங்கதான் இறக்கி வச்சார்னு எதை வச்சும்மா சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

கலங்கரை விளக்கத்தின் ஐம்பத்தோராவது படியில் நின்றுகொண்டிருந்தோம். மேலே இன்னும் ஐம்பத்து மூன்று.

வருகிறவர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுவது என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு நடை. ஒன்பது வருடமாக அதே படி, அதே ஏரி, அதே வாய்.

அலுவலகம் கொடுத்த குறிப்பு எனக்குத் தலைகீழ்ப் பாடம். அடிச்சுவரின் கனம் நாலடி. உச்சியில் இருக்கும் கண்ணாடி ஆள் உயரம், துண்டு துண்டாக வந்து இங்கே பூட்டியது. எதிர்க்கரை தெரியாத ஏரி இது. காற்று கிளம்பினால் அலை படகைப் பாறையில் கொண்டுபோய் அறையும். அதற்காக விடிய விடிய விளக்கு எரிந்தது. ராத்திரிக்கு இரண்டு தடவை விளக்குக்காரர் எண்ணெய் சுமந்து ஏறினார். மின்சாரம் வந்தது, அவர் வேலை போனது.

குறிப்பு அத்துடன் சரி. மீதியை நான் படியில் நின்று சொல்வேன்.

இருபத்து நாலாவது படியில் ஒரு ஜன்னல். விளக்குக்காரரின் மனைவி படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடம். ஐம்பத்தொன்று, அவர் தகரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய இடம். எழுபத்தெட்டு, மறுபடியும் இறக்கி வைத்த இடம்.

எல்லாம் என் கைச்சரக்கு.

முழங்கால் தேய்ந்து மூன்று வருடமாகிறது. இருபத்தைந்து படி தாண்டினால் மடங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். சும்மா நின்றால் கூட்டம் என் காலைப் பார்க்கும். கதை சொன்னால் சுவரைப் பார்க்கும். என் சரித்திர ஆராய்ச்சி அவ்வளவுதான்.

வேறு வேலை பார் என்று மகள் நச்சரிக்கிறாள். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு யார் தட்டில் வைத்து நீட்டப்போகிறார்கள்? படியேற முடியாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

போன மாதம் வந்துபோன புண்ணியவான் ஒருவர், குறிப்பில் இல்லாததையெல்லாம் இந்த அம்மா சொல்கிறார் என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அதை விசாரிக்கத்தான் தலை நரைத்த இந்த அதிகாரி. ஜன்னல் கதையைப் பேசாமல் கேட்டுக்கொண்டார். தகரத்துக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது நடை. கால் விண்விண் என்று தெறித்தது. இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வழுக்காமல் இருக்கப் படிகளில் ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஒட்டியது. சுவரோரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது. குனிந்து அந்த நுனியைப் பிடித்து உரித்தார். செல்போன் விளக்கை அடித்தார்.

கல்லில் ஒரு வட்டம், தகரத்தின் அடி அகலத்துக்கு. அதன்மேல், சற்று விலகி, இன்னொன்று. அதன்மேலும் ஒன்று. வருடக்கணக்காக வைத்து வைத்து எடுத்த கறுப்பு எண்ணெய்த் தடங்கள்.

கீழ்ப்படியில் உரித்துப் பார்த்தார். மேல்படியிலும் பார்த்தார். இரண்டும் வெறும் கல்.

நிமிர்ந்து என்னை ஒருமாதிரி பார்த்தார், நான் எதையோ ஒளித்து வைத்திருந்ததைப் போல. பிறகு வயதையும் மறந்து, எழுபத்தெட்டை நோக்கித் தடதடவென்று ஏறினார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

வேலை தப்பியது என்று நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. பாவம், அந்த விளக்குக்காரருக்கும் முடியவில்லை. முடியவில்லை என்று அவரும் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார்.

மேலே ரப்பர் உரிகிற சத்தம் கேட்டது.

காலை நீட்டிக்கொண்டேன். அதிகாரி குரல் கொடுப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

"இருக்கும் சார்."