நாலு மணி மேகம்

பருவநிலை ஆய்வகத்தில் நிலமங்கை கணினிக்குள் வளர்த்த மேகத்துக்குப் பொறுமையே கிடையாது. உச்சிவெயிலிலேயே கொட்டித் தீர்த்துவிடும். செயற்கைக்கோள் படங்களிலோ நிஜ மேகங்கள் சாயங்காலம்வரை சாவகாசமாகத் திரண்டுகொண்டிருக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தன் மேகத்தைத் திருத்தினாள். இன்று மதியம் ஓட்டிப் பார்த்தபோது, முதன்முறையாக அது கணினிக் கடிகாரத்தில் நாலு மணிவரை பொழியாமல் காத்து நின்றது. பூரித்துப்போயிருந்தவளைக் கணவன் சேந்தன் போனில் கூப்பிட்டான்.

“மேகம் கூடுது. மாடியில துணியெல்லாம் எடுத்துரட்டா?”

“நாலு மணிவரைக்கும் விழாது. காயட்டும் விடுங்க.”

வீடு திரும்பியபோது கொடியில் துணியெல்லாம் சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. “எப்போ பிடிச்சுது?”

“நாலுக்குத்தான். நான்தான் தூங்கிட்டேன். மழைச் சத்தம்தான் எழுப்புச்சு.”

சேந்தன் திட்டுக்குத் தயாராக நின்றான். அவளோ ஈரச் சேலையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.