பக்கத்து ஸ்லைடு

காலை 9.20. மூன்றாவது தடவையாக அந்த லேப் படியேறினார் லியாக்கத் அலி. பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ். கூடவே மகள் ரூமானா.

“நாளைக்கு வாங்க, திங்கக்கிழமை வாங்கன்னு எத்தன தடவம்மா அலைய வுடுவே? எம் பொண்டாட்டியோட சதையத்தானே கேக்குறேன்? உன் கழுத்து நகையவா கேக்குறேன்?”

டெக்னீஷியன் ஜெயராணி ரிஜிஸ்டரைப் புரட்டினாள்.

நாலு வருஷம் முன்பு அவர் மனைவி ரஹ்மத் பீவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. டெஸ்ட் இங்கேதான் நடந்தது. எடுத்த துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். மாத்திரையிலேயே நன்றாக இருந்தவள், போன ரம்ஜானில் மாரடைப்பில் போய்விட்டாள். அவள் உடம்பில் எடுத்தது எதுவானாலும் அவளோடு மண்ணுக்குள் போகவேண்டும் என்பதில் லியாக்கத் அலி பிடிவாதமாக இருந்தார்.

“வாப்பா, மெதுவா பேசுங்க” என்றாள் ரூமானா.

“நீ சும்மா இரு. நாலு பேர அலைய வுட்டாதான் இவுங்களுக்குத் தூக்கம் வரும்.”

கவுன்ட்டரிலிருந்து சிலம்பரசன் சொன்னான்: “எடுத்துக் குடுத்துடுங்க மேடம். கேட்டா குடுக்கணும்னுதானே ரூல்?”

“ஆமா. ரூல் அதான்.” ஜெயராணி எழுந்தாள். “பாய், ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

ஒரு கண்ணாடி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே பழுப்புப் புள்ளிகள்.

“இது உங்க வீட்டம்மாவோடது. ஆன்டிபாடின்னு ஒரு மருந்து ஊத்தினா இப்படிப் பழுப்பாவும். பழுப்பானா மாத்திரைக்குக் கேக்குற கட்டி. புதுசா யாருக்கு டெஸ்ட் பண்ணாலும் இதுலேர்ந்து ஒரு சீவல் எடுத்துப் பக்கத்துல வெச்சிப்போம். இதுல கலர் ஏறலன்னா ஆன்டிபாடி கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும். இது இல்லன்னா, மருந்து கெட்டது தெரியாம, மாத்திரை கேக்காதுன்னு தப்பா எழுதி அனுப்பிடுவோம்.”

“வேற யாருதும் இல்லியா?”

“இவ்ளோ தெளிவா வர்றது இது ஒண்ணுதான். இன்னொண்ணு கெடைக்கிற வரைக்கும்னுதான் உங்கள இழுத்தடிச்சேன். தப்புதான் பாய்.”

“இதுவரைக்கும் எத்தன பேருக்கு வெச்சிருப்பே?”

“நூத்தி எம்பத்தாறு.”

லியாக்கத் அலி மறுபடி குனிந்தார்.

“பக்கத்து வூட்டுக்கு ஒரு கரண்டி சக்கரை குடுக்கமாட்டா. இங்க வந்து என்னா தாராளம் பாரு” என்றார்.

ரூமானா சிரித்துவிட்டாள். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் எவ்ளோ நாளைக்கு ஆவும்?”

“ஒரு வருஷம் ஓடும் பாய்.”

“ஓடட்டும். தீந்ததும் மிச்ச மெழுக மட்டும் எடுத்து வையி.”

மெழுகைக் கேட்டு எழுதிக் கொண்டுவந்த மனுவை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

நான்காவது தடவை அவர் வந்தது 2025 பிப்ரவரி 18. மெழுகு கேட்டு வரவில்லை. கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாட்டில், உள்ளே மார்புக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு. லேபிளில் பெயர் ரூமானா, வயது 34.

ஜெயராணி மகளுடையதில் ஒரு சீவல் எடுத்தாள். பக்கத்தில் வைக்க, தாயுடையதில் ஒன்று.

22-ஆம் தேதி இரண்டும் பழுப்பாக வந்தன.