ஆளுக்கொரு தம்ளர்

லோகநாதன் தன் எவர்சில்வர் தம்ளரைப் பூங்காவனத்தின் மேசையில் ணங்கென்று வைத்தான்.

"யக்கா, சுவத்துல ஒட்டிக்கீதே, அந்த சர்க்குலர் நம்பரக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு. அம்பத்தூர் ஆபீஸ்ல என் மச்சான் கீறான். அவங்களுக்கு அப்டி ஒண்ணுமே வரலியாம். நம்பர் இல்லன்னா இப்பவே அத்த கிழிச்சிப் போட்டுடறேன்."

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டிய அந்த அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு பூங்காவனத்தினுடையது. வெளியிலிருந்து வரும் எந்தக் காகிதமும் அவள் பதிவேட்டில் ஏறி, எண் வாங்கிக்கொண்டுதான் மற்ற மேசைகளுக்குப் போகும். எண் இல்லாத காகிதத்தை அங்கே ஒருவரும் மதிப்பதில்லை.

சுவரில் இருந்தது டைப் அடித்த ஒரு தாள். தொற்றுநோய் வந்தால் சமாளிக்க, அலுவலகங்கள் மழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டுமாம். குடிதண்ணீரைக் காய்ச்ச வேண்டும். ஆளுக்கொரு தம்ளர், அதில் அவரவர் பெயர். ஜன்னல்களைச் சாத்தக் கூடாது. எச்சில் தொட்டுக் கோப்பைப் புரட்டக் கூடாது, அதற்கு மேசைக்கு மேசை ஸ்பாஞ்சுக் கிண்ணம். வெளித்தபாலை வாங்குகிறவர் ஜன்னலோரம் தனியாக உட்கார வேண்டும். எண் இருக்க வேண்டிய மூலையில் மட்டும் பசை அப்பிக் கிடந்தது.

ஹெட்கிளார்க் பரந்தாமன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். மனிதர் ஏற்கெனவே சிடுமூஞ்சி. இருபது வருஷம் எச்சிலில் ஊறிய விரல் ஒன்று வாய்ப்பக்கம் போனால் போதும், இருந்த இடத்திலிருந்தே ஓர் அதட்டல். சாரல் அடித்துக் கோப்பு நனைந்தாலும் ஜன்னலை மூட விடமாட்டார். காலராவும் வரவில்லை, காமாலையும் வரவில்லை, இந்த ஆள் தொல்லைதான் பெரிய தொல்லை என்று அலுவலகமே அவரைக் கரித்துக் கொட்டியது.

பூங்காவனம் மட்டும் கொட்டவில்லை.

அவளுக்குக் காசநோய்.

மாத்திரையைத் தவறவிடாமல் விழுங்கினால் குணமாகிவிடும், காற்றோட்டமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது டாக்டருக்கா தெரியும்? சேக்காட்டில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வார். அவள் தொட்ட தாளை இங்கே யாரும் தொடமாட்டார்கள். புருஷன் போனபிறகு இரண்டு பெண்களோடு அவள் தலைநிமிர்ந்து நிற்பதே இந்த நாற்காலியை நம்பித்தான்.

அதுவரை அலுவலகத்துக்கே ஒரு தம்ளர்தான். பானைக்குப் பக்கத்தில் சங்கிலியில் தொங்கும். பதினெட்டு வாய்க்கும் அதுதான். தன்னால் இன்னொருவருக்கு வந்துவிடக் கூடாதே என்று, மூன்று வார விடுப்பு முடிந்து வந்த காலையில் அவள் பைக்குள் துணி சுற்றி ஒரு தம்ளரை ஒளித்துக் கொண்டுவந்தாள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

வந்து பார்த்தால் பானையருகே பதினெட்டுத் தம்ளர்கள். சிவப்புப் பெயின்டில் பெயர்கள். எட்டாவது அவளுடையது.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

அன்றிலிருந்து விளக்கேற்றும்போதெல்லாம், அந்தச் சுற்றறிக்கையை எழுதிய முகம் தெரியாத அதிகாரிக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள். சேப்பாக்கத்துத் தலைமை அலுவலகத்தில் எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறாரோ, மகராசன், பிள்ளை குட்டியோடு நன்றாயிருக்க வேண்டும்.

"இதோ பார்க்கிறேன் லோகு" என்று பதிவேட்டைத் திறந்தாள்.

சுற்றறிக்கையில் அக்டோபர் பதின்மூன்று என்று தேதி. அவள் விடுப்பில் இருந்த நாட்கள். அந்தப் பக்கங்கள் முழுக்கப் பரந்தாமனின் கையெழுத்து.

பத்தாம் தேதியிலிருந்து இருபது வரை விரலை ஓட்டினாள். இல்லை. மறுபடி ஓட்டினாள். மேலிடத்திலிருந்து எந்தச் சுற்றறிக்கையும் வந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் தேதி வந்த தபால் ஒன்றே ஒன்று. அந்த வரியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"இன்னாக்கா, இல்லியா?" லோகநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

நாலு மேசை தள்ளிப் பரந்தாமன் கோப்பில் குனிந்திருந்தார். வெகுநேரமாக ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

பூங்காவனம் அரசாங்க வேலையில் அதுவரை ஒரு பொய் எண் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"எழுதிக்கோ. முன்னூத்தி நாப்பத்திரண்டு. நான் லீவுல இருந்தப்ப வந்திருக்கு."

"நம்பர் கீதா? அப்ப சரி." அவனுடைய வேகமெல்லாம் வடிந்துவிட்டது. தம்ளரை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

அவன் போனபிறகு அவள் அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு படித்தாள்.

முன்னூற்று நாற்பத்திரண்டு. அனுப்பியவர்: பூங்காவனம், தபால் பிரிவு. பொருள்: மருத்துவ விடுப்பு விண்ணப்பம்.

விண்ணப்பத்தில் என்ன நோய் என்று எழுதாமல், அதன் பின்னால் டாக்டர் சான்றிதழைக் குத்தி அனுப்பியிருந்தாள். வெறும் காய்ச்சல் என்று போடச் சொல்லி எவ்வளவு கெஞ்சியும் டாக்டர் மசியவில்லை. நோயின் பெயரை முழுசாக எழுதி முத்திரையும் குத்திவிட்டார். விடுப்பு விண்ணப்பத்தின் பின்தாளை யார் புரட்டப் போகிறார்கள் என்று இத்தனை நாளாகத் தன்னையே தேற்றிக்கொண்டிருந்தாள்.

புரட்டியிருக்கிறார். பதிவேட்டில் விவரம் எழுதும் கட்டத்தில், பரந்தாமனின் குண்டு குண்டான எழுத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது.

காய்ச்சல்.