யார் பேரில்?

“மிதி கங்கா. நாலு மணிக்கு நில ஆபீஸ் கவுண்டரை மூடிடுவாங்க.”

“மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி. முன்னாடி பழ லோரி போகுது. மேலயா ஏறிப் போக முடியும்?”

எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக் குலைகளை ஏற்றிய லோரி கோல சிலாங்கூர் சாலையை அடைத்துக்கொண்டு அசைந்து போனது. மணி மூன்று பத்து.

துளசியின் மடியில் ஒரு கோப்பு இருந்தது. விவாகரத்து வழக்குக்காக மூன்று வாரமாக அவளும் நாத்தனார் கங்காவும் சேர்த்தது. கணவன் விமலனின் சம்பளச் சீட்டுகள், ஈபிஎப் கணக்கு, வங்கிக் கணக்கு. எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லின. லோரி ஓட்டிச் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. வேறு சொத்து இல்லை. மகளுக்கு மாதம் நூற்றைம்பதுக்கு மேல் தர முடியாது என்று கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

நூற்றைம்பது, பள்ளி பஸ்ஸுக்கும் பசியாறலுக்கும் போதாது. நாளைக் காலை விசாரணை.

“சொந்த அண்ணனை மாட்டி விடுறியே. உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“பெட்ரோலுக்கு அம்பது வெள்ளி கொடுத்ததே அம்மாதான்.”

துளசி சிரித்துவிட்டாள். புக்கிட் பெருந்துங்கில் வாடகை வீடு பார்த்துத் தனியாக வந்த பிறகு இப்படிச் சிரித்ததில்லை.

கங்காவுக்குப் பழம் எடை போடும் இடத்தில் கணக்கு எழுதும் வேலை. நேற்று அங்கேதான் துப்பு கிடைத்தது.

“மறுபடியும் சொல்லு. இருசப்பன் மாமா என்ன சொன்னாரு?”

“அவருக்கு இருக்கறது ரெண்டே ஏக்கர். மாசம் அஞ்சு டன் கொண்டாந்து போடுறாரு. எப்படி மாமான்னேன். மரம் நல்லா காய்க்குதுன்னாரு. அப்ப மரத்துக்கு ஒரு மாலை வாங்கிட்டு வரேன்னேன். மனுசன் வேர்த்துட்டாரு.”

“அப்புறம்?”

“பாதிக்கு மேல பக்கத்து லாட்டுப் பழமாம். அஞ்சு ஏக்கர். ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து வெட்டுமாம். இவரு லைசென்ஸ்ல வித்து, காசை அண்ணன் கையில கொடுப்பாராம். லாட் நம்பரையும் சொல்லிட்டாரு.”

துளசி கோப்பின் மேல் எழுதியிருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஆனா உங்க அண்ணன் பேங்கரப்ட்.”

“அதான் லா. கல்யாணத்துக்கு முன்னாடியே கூட்டாளி கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிச்சு. அது பேர்ல ஒரு முழம் நிலம் வாங்க முடியாது. அப்ப யார் பேர்ல வாங்குச்சு?”

“உங்க அம்மா பேர்ல?”

“கேட்டுட்டேன். அம்மா பேர்ல இருந்தா அம்மாவே வித்திருக்கும்.”

இருவருக்கும் ஒரே ஆள்தான் மனதில் வந்தாள். பாகான் நக்கோடா ஓமாரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். விமலன் லோரியை அந்தக் கடை வாசலில் நிறுத்துகிறான் என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

“பேரைக் கொண்டாங்க, அவளையும் கோர்ட்டுக்கு இழுக்கறேன்னு லாயர் சொல்லியிருக்காங்க,” என்றாள் துளசி.

“கோர்ட்டுக்கு அப்புறம் போகட்டும். முதல்ல நான் இழுக்கறேன்.”

லோரி இடதுபுறம் திரும்பியது. கங்கா மிதித்தாள்.

நில அலுவலகத்துக்குள் ஓடியபோது மூன்று முப்பத்தெட்டு. துளசியின் எண் எண்பத்தேழு. கவுண்டரில் எண்பத்திரண்டு. எண்பத்து மூன்றைக் கூப்பிட்டார்கள்; ஆள் இல்லை. எண்பத்து நான்கும் இல்லை.

“டீ குடிக்கப் போயிட்டாங்க. நல்லா இருக்கட்டும்,” என்றாள் கங்கா.

எண்பத்தைந்து ஒரு கிழவர். நிறையக் கேள்வி கேட்டார். துளசி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு ஒரே நிமிடத்தில் முடிந்தது.

மூன்று ஐம்பத்திரண்டு. துளசி படிவத்தையும் ஐசி அடையாள அட்டையையும் நீட்டினாள். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் லாட் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். ஐசியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அச்சடித்துக் கொடுத்தாள்.

துளசி நின்றபடியே படித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்ன அண்ணி? கருவாட்டுக்காரியா?”

“இல்ல.”

“வேற ஒருத்தியா? கெட்டிக்காரனா இருக்கானே. எனக்குத் தெரிஞ்சவளா?”

“தெரிஞ்சவதான்.”

“எங்க இருக்கா, சொல்லுங்க. இன்னிக்கு அவ முடியைப் புடிச்சு இழுக்காம வீட்டுக்குப் போகமாட்டேன்.”

துளசி தாளை நீட்டினாள். உரிமையாளர் என்ற இடத்தில், இராமையா மகள் துளசி என்று இருந்தது. கல்யாணமான புதிதில், இன்சூரன்ஸ் என்று சொல்லி விமலன் விரல் வைத்த இடத்திலெல்லாம் படிக்காமல் போட்ட கையெழுத்துகள் அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தன.

“இழு,” என்று குனிந்து தலையைக் காட்டினாள்.