காதுகுத்துக்கு வந்தவர்கள்

சம்பூர்ணம் தன் பட்டுப்புடவைகளில் ஒன்றை எடுத்து, தானே கொசுவம் வைத்துப் பூவம்மாளுக்குக் கட்டிவிட்டாள். தலையில் கதம்பமும் வைத்தாள்.

"திரும்பு. ம்... எங்க ஊட்டு நாத்தனார் மாதிரியே கீறே" என்றாள்.

வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் சம்பூர்ணத்தின் புருஷன், ரைஸ்மில் முதலாளி செங்கல்வராயன் வீட்டில் காதுகுத்த வேண்டிய குழந்தை எதுவும் இல்லை. பதினோரு மணிக்கு ஆபீசர் வருகிறார் என்ற தகவல் மட்டும்தான் இருந்தது.

எழுபத்தாறாம் வருஷம். கொத்தடிமைகளை வைத்திருந்தால் ஜெயில் என்று சட்டம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பொன்னேரிக்குப் பக்கத்தில், ஆரணி ரோட்டில், வீட்டை ஒட்டியே இருந்த அந்த மில்லில், பூவம்மாள் குடும்பமும் அவள் தங்கை கன்னியம்மா குடும்பமுமாக ஒன்பது பேர், என்றோ வாங்கிய அட்வான்ஸுக்காக ஆறு வருஷமாக நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியில் பூட்டு. இன்று மட்டும் திறந்திருந்தது.

செங்கல்வராயன் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் கேட்டார்.

"ஆபீசர் கேட்டா இன்னா சொல்லுவே?"

"உங்க தங்கச்சிங்க. பழவேற்காட்டுலேர்ந்து காதுகுத்துக்கு வந்துக்கிறோம்" என்றாள் பூவம்மாள்.

"யாராச்சும் மாத்திப் பேசினீங்க, போன வருஷம் நடந்தது தெரியுமில்ல?"

தெரியும். சட்டம் வருவதற்கு முன்பே, போன வருஷமும் கூலி விஷயமாக விசாரிக்க ஓர் ஆபீசர் வந்தார். பூவம்மாளின் புருஷன் அரசப்பன் உண்மையைச் சொன்னான். ஆபீசர் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் அரசப்பனின் கை உடைந்தது. அது வளைந்தபடியே கூடிவிட்டது.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்கன்னா கையில மூட்டை முடிச்சு இருக்கணுமே, மொதலாளி" என்றாள் பூவம்மாள்.

செங்கல்வராயன் அசந்துபோனார். "பாத்தீங்களாடா? இவளுக்குக் கீற மூளை உங்க ஒருத்தனுக்காச்சும் கீதா? போங்க, கட்டுங்க!"

கட்டினார்கள். பூவம்மாள் அலுமினியச் சட்டியைக்கூட விடவில்லை.

ஜீப் வந்தது. ஆபீசர் இளைஞர்; வேலைக்குப் புதிது. நன்றாகவே விசாரித்தார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. இங்க உங்களை வேலைக்கு அடைச்சு வெச்சிருக்காங்களா?"

"அண்ணன் ஊட்டுல யாருங்க அடைச்சு வெப்பாங்க?" என்றாள் பூவம்மாள்.

ஆபீசர் அரசப்பனின் கையைப் பார்த்தார். "இது என்ன ஆச்சு?"

"கீழ வுழுந்துட்டேங்க."

ஆபீசர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார்: 'கொத்தடிமைகள் இல்லை. விசேஷத்துக்கு வந்த உறவினர்கள் ஒன்பது பேர்.' அதன் கீழே செங்கல்வராயனிடம் கையெழுத்து வாங்கினார். செங்கல்வராயன் சந்தோஷமாகப் போட்டுக்கொடுத்து, பாயசம் கொண்டுவரச் சொன்னார்.

பாயசம் குடித்துவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறப்போனபோது, பூவம்மாள் தலையில் மூட்டையோடு வந்து நின்றாள். பின்னால் எட்டுப் பேர்.

"சார், பொன்னேரி ரயில் டேஷன் வரிக்கும் எங்களையும் ஏத்திக்கினு போறீங்களா? பசங்க அவ்ளோ தூரம் நடக்காதுங்க."

 

"அதுக்கென்ன, ஏறுங்கம்மா."

செங்கல்வராயன் வாயைத் திறந்தார். ஆபீசர் திரும்பிப் பார்த்தார். செங்கல்வராயன் வாயை மூடிக்கொண்டார். சம்பூர்ணத்தின் கண்கள் பட்டுப்புடவையை விட்டு நகரவில்லை.

பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு ஒன்பது பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். டிரைவர் ஜீப்பைக் கிளப்பினார்.

"நாங்க போறோம், அண்ணி" என்றாள் பூவம்மாள்.

ஆபீசர் சிரித்தார். "விசேஷ வீட்டுல அப்படிச் சொல்லக்கூடாதும்மா. போய்ட்டு வரோம்னு சொல்லுங்க."

ஜீப் கேட்டைத் தாண்டியது. அப்போதுதான் பூவம்மாள் சொன்னாள்:

"இல்லீங்க. போறோம்."