பின்வாசலில் ஆறாவது சைக்கிள்

“நீ வந்து கூப்பிடாம இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.”

“கூப்பிடணும்னு எனக்கென்ன தலையெழுத்து?”

மூன்று மாதத்துக்கு முன்பு கணவனும் மனைவியும் வீட்டில் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் இப்போது ஒரு தர்ம சைக்கிள் கடையின் பின்கட்டிலேயே தங்கி, தானமாக வரும் பழைய வண்டிகளைப் பழுதுபார்த்தார். விற்பனை எல்லாம் முன்பக்கம், வேறு ஆட்கள் கையில்; வரும் பணம் ஏழைகளுக்கு.

ஐந்து வாரமாகச் சனிக்கிழமைதோறும் அவள் பின்வாசலுக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள்.

“தானம் கொடுக்கணும். பக்கத்து வீட்டுல சும்மா கிடந்துச்சு.”

கொடுப்பவர் முன்னால்தான் வண்டியைச் சோதிக்க வேண்டும் என்பது கடை விதி. பத்து நிமிடம் அவர் அலுப்போடு செயினையும் பிரேக்கையும் பார்ப்பார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

இன்று ஆறாவது வண்டி. சீட்டுக்கு அடியில் ஒரு பச்சைப் புள்ளி. பழுதுபார்த்து முடித்த வண்டிக்கு அவரே வைக்கும் அடையாளம் அது.

“இது போன வாரம் நான் சரிபண்ணி விற்பனைக்கு அனுப்புனதாச்சே! உனக்குத்தான் ஓட்டவே தெரியாதே, எதுக்கு வாங்கின?”

“ஆறும் முன்பக்கம் வாங்கினதுதான். மத்ததுல புள்ளியைச் சுரண்டிட்டேன். இன்னிக்குத் தெம்பில்லைங்க.”

அவள் ஸ்டூலைவிட்டு எழுந்தாள்.

“வீட்டுக்கு வாங்க.”